டின் பாலும் ஒரு தீவும் (பினாங்கு தந்த பொதுப்பணி – பகுதி 9)

1986-ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு சிறு நூல் அச்சேறியது. அதில் இருந்தது 47 ஆண்டு பழைய உரை. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு பெண் மருத்துவர் பேசியது. தலைப்பு: 'பாலும் கொலையும்'. வணிகர்களும் அதிகாரிகளும் கூடியிருந்த அவையில் நின்றுகொண்டு, கைக்குழந்தைகளுக்கு டின் பாலைக் கொடுக்கச் சொல்லிச் செய்யப்படும் பொய்ப் பிரசாரத்தைக் குற்றமாகக் கருதித் தண்டிக்க வேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்று அவர் சொன்னார். கேட்டவர்கள் கலைந்து போனார்கள். உரை எங்கோ தாள்களோடு தாளாகக் கிடந்தது.

அதைத் தேடி எடுத்து உலகத்தின் கையில் கொடுத்தது பினாங்கில் இருந்த ஓர் அலுவலகம். அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு ஆசிய பசிபிக் வட்டாரத்துக்காக நடத்திய அலுவலகம் அது. அதன் இயக்குநர் அன்வார் ஃபசால். சென்ற இதழில் எஸ்.எம். முகமது இட்ரிஸையும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் பற்றிப் பேசியபோது இவர் பெயர் ஓரிரு முறை வந்துபோனது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அன்வாரும் ஒருவர். குழந்தைகளைக் காப்பது என்றால் அநாதை இல்லமும் நன்கொடை உண்டியலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அன்வார் ஃபசால் பிடித்துக்கொண்டது வேறொரு முனை. கடையில் விற்கும் ஒரு டின், அதன்மேல் ஒட்டிய படம், அதை விற்கச் சொல்லும் விளம்பரம், அதைக் கட்டுப்படுத்தும் சட்டம். இந்த முனையிலிருந்து காப்பாற்றப்பட்ட பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆனாலும் கடந்த நூற்றாண்டில் குழந்தைகளுக்காக நடந்த பெரிய காரியங்களில் இதை முன்வரிசையில் வைக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த மருத்துவரைப் பார்த்துவிடுவோம். சிசிலி வில்லியம்ஸ் 1893-இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, இன்று கானா என்றாகிவிட்ட கோல்டு கோஸ்டில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். தாய்ப்பாலை விட்ட பிள்ளைகளுக்குப் புரதம் குறைந்து வயிறு ஊதி முடி செம்பட்டையாகிவிடும் நோயை, அந்த ஊர் மக்கள் வைத்திருந்த 'குவாஷியோர்கர்' என்ற பெயரிலேயே மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இவர்தான். 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு வந்தார். இங்கே அவர் கண்ட காட்சி வேறு. தாதிகளைப்போல் வெள்ளை உடுப்பு உடுத்திய பெண்கள் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் இனிப்புக் கெட்டிப்பால்தான் சத்து என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கெட்டிப்பாலில் எடைக்கு ஏறத்தாழப் பாதி சர்க்கரை. கொழுப்பை எடுத்துவிட்டுச் செய்ததாக இருந்தால் வைட்டமின் ஏ-யும் இல்லை, டி-யும் இல்லை. குழந்தை குடிக்கும், கொழுகொழுவென்றுகூடத் தெரியும். உள்ளே எலும்பு வளையும், கண் மங்கும், ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் தாங்காது.

ஜப்பானியர் வந்தபோது சிசிலி வில்லியம்ஸ் திரங்கானுவிலிருந்து சிங்கப்பூருக்குத் தப்பி வந்து, அங்கே சிறைப்பட்டார். சாங்கி முகாமிலிருந்து ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பித்தாயின் தலைமையகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே சித்திரவதைக்கும் ஆளானார். போர் முடிந்ததும் மறுபடி மலாயாவுக்கே வந்து தாய்சேய் நலப்பணியை ஏற்றுக்கொண்டார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் அவரே. 1992-இல் இறந்தபோது வயது 98.

இந்தப் பத்திரிகையைப் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் இருந்து வாசிப்பவர்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஆயாக்கொட்டகை தெரியும். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டுவிட்டு, வாளியும் கத்தியுமாக ரப்பர் வெட்டுக்குப் போய்விடுவாள் தாய். மார்பு பால் கட்டி வலிக்க, அவள் நிறையில் நின்று மரம் சீவிக்கொண்டிருப்பாள். கொட்டகையில் ஏணைகள் வரிசையாகத் தொங்கும். ஆயா ஒருத்தி, பிள்ளைகள் பலர். பாட்டிலில் கரைத்த பால் அங்கே எளிதாக நுழைந்துவிட்டது. பெற்றவளுக்கு அக்கறை இல்லாமல் நுழையவில்லை. வேலை நேரம் அப்படி வகுக்கப்பட்டிருந்தது, டின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இதை இங்கேயே சொல்லி வைப்பது நல்லது. தாய்ப்பால் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்வார் ஃபசாலும் அவருடைய தோழர்களும் கூண்டில் ஏற்றியது விற்பனை முறையை.

டின் எப்படிக் கொல்கிறது? பால்மாவு நஞ்சு அல்ல. சுத்தமான தண்ணீரும், கொதிக்க வைக்க அடுப்பும், மாதம் முழுவதும் வாங்கப் பணமும், டின்னில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் இருக்கும் வீட்டில் குழந்தை பிழைத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆபத்துதான். மூன்று மாதக் குழந்தைக்கு 450 கிராம் டின் ஒன்று ஒரு வாரம்கூடத் தாங்காது. கூலிக்காரக் குடும்பத்தில் அதை இரண்டு வாரத்துக்கு, மூன்று வாரத்துக்கு இழுப்பார்கள். நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு, பிறகு ஒன்று. வெள்ளையாகத் தெரிந்தால் போதும் என்றாகிவிடும். ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கழுவாத ரப்பர் முலை. அதோடு இன்னொன்று சேரும். மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்த மாதிரி டின் தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றத் தொடங்கியிருக்கும். குழந்தை சப்பினால்தான் பால் ஊறும். சப்பாவிட்டால் உடம்பு பால் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். பிறகு டின்னை விட்டால் வேறு வழியில்லை. அந்த இலவச டின்னுக்குள் முழு வியாபாரமும் அடங்கியிருந்தது.

1960-களில் மேற்கு நாடுகளில் பிறப்பு விகிதம் குறைந்தது. நிறுவனங்களின் கண் ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா பக்கம் திரும்பியது. 1974-இல் லண்டனில் 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு, மைக் மல்லர் எழுதிய 'குழந்தைக் கொலையாளி' என்ற அறிக்கையை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் சில இளைஞர்கள் அதை ஜெர்மன் மொழிக்கு மாற்றி, தலைப்பில் நெஸ்லே நிறுவனத்தின் பெயரையே போட்டுவிட்டார்கள். நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. பெர்ன் நகர நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1976-இல் தீர்ப்பு வந்தபோது 13 பேருக்குத் தலைக்கு 300 பிராங்க் அபராதம். ஆனால் நிறுவனம் தன் விளம்பர முறையை அடிப்படையிலிருந்தே திருத்திக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி சேர்த்துச் சொன்னார். சட்டப்படி வென்ற நிறுவனம் ஊரார் வாயில் தோற்றது. 1977 ஜூலை 4-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது.

அன்வார் ஃபசால் களத்தில் இறங்கிய காலம் இது. 1941-இல் தைப்பிங்கில் பிறந்தவர். 1974 முதல் பினாங்கு வட்டார அலுவலகம் அவர் பொறுப்பில். 1978-இல் உலக அமைப்புக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960-இல் ஹேக் நகரில் தொடங்கிய அந்த அமைப்பு அதுவரை மேற்கு நாட்டவர் கையில்தான் இருந்தது. எந்தச் சலவை இயந்திரம் நல்லது, எந்தக் கார் பாதுகாப்பானது என்று சோதித்துச் சொல்வது அவர்களுடைய முக்கிய வேலை. வளரும் நாட்டிலிருந்து முதல் தலைவராக வந்தவர் அதன் கவனத்தை மருந்து, பூச்சிக்கொல்லி, பால்மாவு என்று உயிரோடு ஒட்டிய பொருட்களின் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். சலவை இயந்திரம் வாங்க வழியில்லாதவனும் பயனீட்டாளன்தான் என்பது பினாங்கு கற்றுக்கொடுத்த பாடம்.

அமெரிக்கச் செனட்டில் எட்வர்ட் கென்னடி 1978 மே மாதம் பால்மாவு விற்பனை குறித்து விசாரணை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1979 அக்டோபர் 9 முதல் 12 வரை ஜெனீவாவில் ஒரு கூட்டம் கூட்டின. அரசுகள், விஞ்ஞானிகள், நிறுவனங்கள் எல்லாரும் வந்தார்கள். மக்கள் இயக்கங்களுக்கும் அதே மேசையில் இடம் கிடைத்தது. கூட்டம் முடிந்த அக்டோபர் 12-ஆம் தேதியே ஆறு அமைப்புகள் சேர்ந்து, குழந்தை உணவுக்கான அனைத்துலகச் செயல் வலையமைப்பைத் தொடங்கின. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'இப்ஃபான்' என்பார்கள். அதை உருவாக்கியவர்களில் அன்வார் ஃபசாலும் ஒருவர்.

'வலையமைப்பு' என்ற உருவத்தில்தான் அவருடைய கைவரிசை தெரிகிறது. பெரிய கட்டடம், தலைவர், துணைத்தலைவர், செயலவை என்று போகாமல், அந்தந்த நாட்டில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சிறு குழுக்களை ஒரு பொதுக் குறிக்கோளில் கோத்துவிடுவது. யாரும் யாருக்கும் கீழே இல்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விதி. மின்னஞ்சல் இல்லாத காலம். தட்டச்சு, சைக்ளோஸ்டைல், டெலக்ஸ், விமான அஞ்சல். நைரோபியில் ஒரு நிறுவனம் செய்யும் தந்திரம் மணிலாவில் இருப்பவருக்குத் தெரிந்தால், நாளைக்கு அதே தந்திரம் அங்கே வரும்போது அவர் விழிப்பாக இருப்பார். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தை ஒரு நாட்டுச் சங்கம் தனியாக எதிர்க்க முடியாது என்ற எளிய கணக்கிலிருந்து பிறந்த முறை இது. பிறகு மருந்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் இதே அச்சில் வலையமைப்புகள் வார்க்கப்பட்டன.

1981 மே 21. ஜெனீவாவில் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கான அனைத்துலக நெறிமுறையை வாக்குக்கு விட்டது. ஆதரவு 118, எதிர்ப்பு 1, நடுநிலை 3. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அந்த முடிவைப் பொறுக்காமல் அமெரிக்க வெளிநாட்டு உதவித் துறையின் மூத்த அதிகாரிகள் இருவர் வேலையை உதறிவிட்டுப் போனார்கள். சுகாதாரத்துக்காக ஒரு வாணிபப் பொருளின் விளம்பரத்தையே உலக அளவில் கட்டுப்படுத்தும் நெறிமுறை அதற்கு முன் வந்ததில்லை.

நெறிமுறை பால்மாவைத் தடை செய்யவில்லை. தாய் இறந்த குழந்தைக்கும், மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கும் அது வேண்டும். கட்டுப்படுத்தியது விற்கும் விதத்தை. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது. தாய்க்கு இலவச மாதிரி கூடாது. நிறுவன ஆள் தாயை நேரில் அணுகக் கூடாது. மருத்துவருக்கும் தாதிக்கும் பரிசுப் பொருள் கொடுத்துத் தூண்டக் கூடாது. டின்னில் புஷ்டியான குழந்தைப் படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்பதை அந்தந்த நாட்டு மக்களுக்குப் புரியும் மொழியில் டின்னிலேயே எழுத வேண்டும். மலாயாவில் வெள்ளை உடுப்போடு வாசலுக்கு வந்த அந்தப் 'பால் தாதி'க்கு, சிசிலி வில்லியம்ஸ் பேசி 42 ஆண்டுகள் கழித்து, உலகம் கதவைச் சாத்தியது.

ஆனால் நெறிமுறை என்பது பரிந்துரை. நாடுகள் சட்டம் போட்டால்தான் பல் முளைக்கும். பாப்புவா நியூகினி ஜெனீவாவுக்குக் காத்திராமல் 1977-லேயே பால் பாட்டிலை மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று சட்டம் போட்டிருந்தது. மலேசியாவும் 1979-லேயே ஓர் ஒழுக்க நெறியை வெளியிட்டது, பலமுறை திருத்தியும் இருக்கிறது. ஆனால் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமாக இன்றுவரை மாறவில்லை. இந்த இயக்கத்தின் மூளை செயல்பட்ட மாநிலம் இருக்கும் நாட்டிலேயே இப்படி இருப்பது எனக்கு வருத்தமே. இந்தியா 1992-இல் தனிச் சட்டம் இயற்றி, 2003-இல் அதை இன்னும் இறுக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு அங்கே விளம்பரமே கூடாது.

சட்டம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், மீறலைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இப்ஃபானின் நெறிமுறை ஆவண மையம் 1985-இல் உருவாகி, பினாங்கிலிருந்து இயங்கியது. அதை நடத்தியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த அனெலீஸ் அலெய்ன். பல நாட்டுச் சுகாதார அதிகாரிகள் இங்கே வந்து, நெறிமுறையின் ஒவ்வொரு பிரிவையும் தங்கள் நாட்டுச் சட்டமொழியில் எப்படி எழுதுவது என்று பயிற்சி பெற்றுப் போனார்கள். உலகம் முழுவதும் இருந்து வந்த விளம்பரங்கள், டின் சீட்டுகள், மருத்துவமனைச் சுவரொட்டிகள், நிறுவனத்தின் பெயர் பொறித்த பேனாக்கள், குழந்தை எடை அட்டைகள் எல்லாம் சாட்சியங்களாகத் தொகுக்கப்பட்டன. எந்த நிறுவனம் எந்த நாட்டில் எந்தப் பிரிவை மீறியது என்று அடுத்தடுத்து அறிக்கைகள் வெளியாயின.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1982-இல் அன்வார் ஃபசாலுக்குக் கிடைத்தது. 1998-இல் இப்ஃபானுக்கே அதே விருது வந்தது.

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. அதன் 24-ஆவது பிரிவு, பெற்றோருக்குத் தாய்ப்பாலின் நன்மைகளைத் தெரிவிப்பதை அரசின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. மலேசியா 1995-இல் ஒப்பந்தத்தில் இணைந்தது. இடையில் 1990 ஆகஸ்ட் 1-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், பல நூற்றாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகக் கட்டிய இன்னசென்டி இல்லத்தில், அரசுகள் கூடித் தாய்ப்பாலைக் காப்பதற்கான பிரகடனத்தை வெளியிட்டன. அதற்குப் பின்னால் யூனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்டின் உந்துதல் பெரிது. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி, எடைக் கண்காணிப்பு, தாய்ப்பால் என்ற நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போனவர் அவர்.

பிரகடனத்தை ஊர்மட்டத்துக்குக் கொண்டுபோக 1991-இல் உலகத் தாய்ப்பால் செயல் கூட்டணி உருவானது. தலைமைச் செயலகம் பினாங்கில், முன்னணியில் மறுபடி அன்வார் ஃபசால். இன்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுகாதார நிலையங்களில் தொங்கும் தாய்ப்பால் வாரப் பதாகைகளுக்குப் பிறப்பிடம் இந்தக் கூட்டணிதான். 1992-இல் முதல் வாரம், இன்னசென்டி பிரகடனத்தின் தேதியை ஒட்டியே நடந்தது. உலக பயனீட்டாளர் உரிமை நாளாக மார்ச் 15-ஐக் கொண்டாட யோசனை சொன்னவரும் அவர்தான். ஆண்டுக்கு ஒரு நாளோ ஒரு வாரமோ குறித்துக் கொடுத்துவிட்டால், காசில்லாத சின்னக் குழுவுக்கும் அன்றைக்குச் செய்தித்தாளில் இடம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1993-ஆம் ஆண்டு வாரத்தின் கருப்பொருள் நம் ஊருக்கு நேராகப் பொருந்துவது: தாய்க்கு இசைவான வேலையிடம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்ததிலிருந்து, பிறகு பிறைத் தொழிற்பேட்டைகளிலும், மின்னணுத் தொழிற்சாலைகளின் அசெம்பிளி வரிசையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தோட்டத்துப் பெரட்டு போய் ஷிப்ட் வந்தது, ஆயாக்கொட்டகை போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விடுவது வந்தது. அப்போது வேலைச் சட்டப்படி மகப்பேற்று விடுப்பு 60 நாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுகாதார நிலையத்தில் தாதி சொல்வார். மூன்றாவது மாதத்துக்குள் கம்பெனி பஸ் வாசலில் வந்து நிற்கும். பாலைப் பிழிந்து எடுத்து வைக்க ஓர் அறை, ஒரு குளிர்ப்பெட்டி, இடையில் அரைமணி நேரம், இவை இல்லாமல் எந்த நெறிமுறையும் அவளுக்கு உதவாது. மலேசியத் தனியார் துறையில் அந்த 60 நாள் 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி 1-இல்தான்.

மருத்துவமனைகளில் மாற்றம் வேகமாக வந்தது. குழந்தை பிறந்ததும் தனி அறைக்குக் கொண்டுபோய்ப் பாட்டில் கொடுக்கும் பழக்கத்தை விட்டு, தாயோடு சேர்த்துப் படுக்கவைக்கும் முறையை மலேசிய அரசு மருத்துவமனைகள் 1990-களில் ஏற்றன. 1998-க்குள் அரசு மருத்துவமனைகள் எல்லாம் 'குழந்தைக்கு இசைவானவை' என்று அங்கீகாரம் பெற்றன. ஆனாலும் 2006-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 14.5 விழுக்காடுதான். 2016-இல் அது 47.1 விழுக்காடாக ஏறியது. பிரசவ வார்டைத் திருத்துவது எளிது, வார்டை விட்டு வெளியே வந்தபின் இருக்கும் உலகத்தைத் திருத்துவது கடினம் என்று இந்த இரண்டு எண்களையும் நான் வாசிக்கிறேன்.

2016-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, உலகில் தாய்ப்பால் பரவலாகக் கொடுக்கப்பட்டால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தவிர்க்கலாம் என்று கணித்தது. அதே ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை, மூன்று வயது வரைக்கும் என்று விற்கப்படும் பால்களையும் நெறிமுறையின் வளையத்துக்குள் கொண்டுவரும்படி வழிகாட்டியது. காரணம் பேரங்காடிக்குப் போனால் புரியும். கைக்குழந்தைப் பாலுக்கு விளம்பரம் இல்லை. ஆனால் வயதுவாரியாக 1, 2, 3 எண் போட்ட டின்கள் ஒரே நிறம், ஒரே சின்னம், ஒரே எழுத்தோடு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மூன்றாம் எண்ணுக்குச் செய்யும் விளம்பரம் முதல் எண்ணுக்கும் ஆள் சேர்த்துவிடும்.

அடுத்த தட்டில் தேத்தண்ணீருக்குப் போடும் கெட்டிப்பால், இனிப்புக் கிரீமர் டின்கள் இருக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று மலாயில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1939-இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவர் கேட்டதில் ஒரு பங்கு அந்த வரியாக டின்மேல் ஏறியிருக்கிறது.

அன்வார் ஃபசால் நடத்திய அதே அலுவலகம்தான் 1982 மே மாதம் இன்னொரு கூட்டத்தைப் பினாங்கில் நடத்தியது. இம்முறை மேசைமேல் வந்தது, தோட்டத்துப் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த களைக்கொல்லியும் பூச்சிமருந்தும். அந்தக் கூட்டத்தில் பிறந்த பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பைப் பற்றி அடுத்த இதழில்.